குடைக்கம்பியும் இதர பரிகாரங்களும்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கும், கண் கட்டு அவிழும் வரை அவருக்காக இதை வாசித்துக் காட்டப்போகும் அத்தை அவர்களுக்கும், உங்கள் மூத்த மாப்பிள்ளை மிகுந்த மரியாதையோடு எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் மூத்த மகளும் நலம். நலம் என்பதைப் பொதுப்படையான அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளவும். இருவரும் சில நாட்களாகப் பேசிக்கொள்வதில்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை. மாமாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்து, கடலோர வீட்டில் ஓய்வாக இருப்பது கேட்டு மகிழ்ச்சி. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராமே. முதல் இரண்டில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை, மூன்றாவதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கவும். அத்தை, மாமாவைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, கைக்கெட்டும் தூரத்தில் கண்ணாடிச் சாமான் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு மேலே படிக்கவும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனில் ஆரம்பித்தால் முகவுரை முடிவதற்குள் மாமா வைத்துவிடுகிறார். கடிதத்தையும் பாதியில் வைக்கலாம்தான், ஆனால் வைத்தது எனக்குத் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். இத்துடன் ஒரு வக்காலத்து இணைத்திருக்கிறேன். நம் குடைப் பட்டறைக்காக நானே ஆஜராகி வழக்கு நடத்த நீங்கள் எனக்கு அதிகாரம் கொடுக்கும் தாள் அது. பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும் இடத்தில் கையெழுத்திட்டு உடனே திருப்பி அனுப்பவும். இது விஷயமாக உங்கள் இளைய மாப்பிள்ளையிடம், அதாவது என் சகலையிடம், ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். பட்டறை மூடும் நிலையில் இருக்கிறது. (அத்தை, இந்த வரியை மெதுவாகப் படிக்கவும்.) அது பிழைக்க வேண்டும், அதை நான்தான் பிழைக்கவைக்க வேண்டும். அவரைக் கூப்பிட்டுத்தான் சரிசெய்ய வேண்டும் என்றால், நான் இந்தக் குடும்பத்தில் வக்கீலாக இருந்தும் பிரயோஜனமில்லை, மாப்பிள்ளையாக இருந்தும் பிரயோஜனமில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எனக்கு அவர் மேல் பொறாமை என்று உங்கள் மகள் சொல்கிறாள். அபாண்டம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் பெரியவர்களிடம் பொய் சொல்லக் கூடாது. ஆமாம் மாமா, வயிறு எரிகிறது. எரியாமல் என்ன செய்யும்? நான் இருபத்தைந்து வருடமாக வக்கீல். கோர்ட் வட்டாரத்தில் என்னை ‘சுவர் வக்கீல்’ என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரன் சுவரை ஒரு சாண் தள்ளிக் கட்டிவிட்டான், மரக்கிளை எங்கள் பக்கம் தொங்குகிறது, வாடகைக்காரன் காலி செய்ய மாட்டேன் என்கிறான், இப்படிப்பட்ட வழக்குகள்தான் எனக்கு வரும். எங்கள் நீதிபதிக்கு லேசாகக் காது மந்தம், அவர் தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறிக்கு வாய் அதிகம், வெளியே எந்நேரமும் வண்டிச் சத்தம். இந்த மூன்றையும் ஜெயித்த பிறகுதான் எதிர்க்கட்சியை ஜெயிக்க வேண்டும். கத்திக் கத்தி, இப்போதெல்லாம் வீட்டில் உப்பு கேட்டால்கூட எதிர்வீட்டில் கதவு திறக்கிறது. இவ்வளவு கத்தியும் என் கறுப்புக் கோட்டின் கக்கத்தில் ஒட்டுத் தையல்தான். அவரோ வாயே திறப்பதில்லை, அவர் கோட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அவருடைய விசிட்டிங் கார்டில் ‘சர்வதேச வர்த்தகச் சட்ட நிபுணர் மற்றும் லாபியிஸ்ட்’ என்று போட்டிருக்கிறது. லாபி என்றால் ஓட்டல் முன்கூடமாயிற்றே, மாப்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று அத்தை என்னிடம் கேட்டீர்கள். அதிகாரிகளிடம் ஒரு தரப்புக்காகப் பரிந்து பேசுபவர் என்று சொல்லாமல், லாபம் பார்ப்பவர் லாபியிஸ்ட் என்று நான் நக்கலாகச் சொல்லிவைத்தேன். நீங்கள் அதை நம்பி உறவுக்காரர்கள் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டீர்கள். நான் குத்திய ஊசி அவருக்குப் பதக்கத்தை மாட்டப் பயன்பட்டுவிட்டது.

அவர் உண்மையில் என்ன வேலை பார்க்கிறார் என்று யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும், விசாரித்துவைத்திருக்கிறேன். ஒரு பொருள் என்ன பொருள் என்று வாதாடுவதுதான் வேலை. குழந்தைகள் ஏறி உட்காரும் பிளாஸ்டிக் யானை ஒன்று கப்பலில் வந்ததாம். அது பொம்மையா, நாற்காலியா? பொம்மை என்றால் ஒரு வரி, நாற்காலி என்றால் வேறு வரி. இதற்காக மூன்று நாட்டு வக்கீல்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மாதக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். கடைசியில் நம் ஆள் எழுந்துபோய், ஒன்றும் பேசாமல், அந்த யானை மேல் உட்கார்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டாராம். நாற்காலி என்று முடிவாகிவிட்டது. இதற்கு அவருக்கு விமானத்தில் படுத்துக்கொண்டே போகிற டிக்கெட். நான் தினமும் கோர்ட் வராந்தாவில் கால் உடைந்த பெஞ்சியில் விழாமல் உட்காருகிறேன், அது பெஞ்சியா பொறியா என்று இதுவரை எந்த நாடும் கேட்டதில்லை. போன வருடம் ஏதோ ஓர் அறிவிப்பில் ‘மற்றும்’ என்ற சொல்லை ‘அல்லது’ என்று மாற்றவைத்ததற்காக அவருக்கு விருந்து வைத்தார்களாம். நான் ஒரு நாளைக்கு எத்தனை ‘மற்றும்’ எழுதுகிறேன், எத்தனை ‘அல்லது’ எழுதுகிறேன்! எனக்கு யார் ஒரு வாய்க் காபி கொடுத்தார்கள்?

ஒரே ஒரு முறை அவர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறேன். அந்த மாடியில் சுவரே கிடையாது, எல்லாம் கண்ணாடி. என் தொழிலுக்கு அங்கே இடமில்லை என்று அப்போதே புரிந்தது. தரையில் கணுக்கால் புதையும் விரிப்பு, நடந்தால் சத்தம் வராது. வரவேற்பில் இருந்த பெண், “நீங்க யாரு சார்?” என்று கேட்டாள். “சகலை” என்றேன். அவள் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, “சகலைன்னு ஒரு கம்பெனி எங்க லிஸ்ட்ல இல்லையே சார்” என்றாள். அப்புறம் அவரே வந்து அழைத்துப் போனார். அவர் பேசும்போது கவனித்திருக்கிறீர்களா மாமா? குரல் தொண்டையைத் தாண்டி வராது. என்ன சொல்கிறார் என்று கேட்க எதிரில் இருப்பவர் குனிய வேண்டும். அப்படி எப்பேர்ப்பட்ட ஆளையும் குனியவைத்துவிடுகிறார். பெரிய பெரிய அதிகாரிகள் அவர் முன்னால் குனிந்திருப்பதைக் கண்ணாடி வழியாக என் கண்ணாலேயே பார்த்தேன். என்னிடம் பேசுபவர்கள் எல்லாம் பின்னால் சாய்கிறார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். உங்கள் அறுபதாண்டு நண்பர் வீட்டு விருந்தில் எங்கள் இருவரையும் எப்படி அறிமுகப்படுத்தினீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? “இவர் என் சின்ன மாப்பிள்ளை, சர்வதேச வக்கீல்” என்றீர்கள். அப்புறம் என் பக்கம் கையைக் காட்டி, “இவரும் வக்கீல்தான்” என்றீர்கள். அந்த ‘உம்’மையும் அந்த ‘தான்’ என்பதையும் நான் இன்னும் சீரணிக்கவில்லை மாமா. ‘இவர் வக்கீல்’ என்று சொல்லியிருந்தால் போதுமே. இரண்டே இரண்டு அசையைச் சேர்த்து ஒரு மனிதனை எவ்வளவு தூரம் கீழே இறக்க முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். இந்தக் குடும்பத்துக்குள் முதலில் வந்தவன் நான். உங்கள் பட்டறைக்கு வாடகை ஒப்பந்தம் எழுதியது நான். பின்பக்கத்துச் சுவரை ஒரு சாண் மீட்டுக் கொடுத்தது நான். அவர் வந்தது எல்லாம் முடிந்த பிறகு.

இப்போது குடை விஷயம். உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனால் வக்கீல் என்பவன் எதையும் ஆதியிலிருந்துதான் சொல்வான். வெளிநாட்டிலிருந்து தயார்க் குடைகள் மலிவாக வந்து குவிகின்றன. ஒரே மழையில் கிழிகிற குடை என்றாலும் விலையைப் பார்த்து ஜனங்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். ஆகவே, வெளியிலிருந்து வரும் குடைக்கு வரியை ஏற்றுங்கள் என்று குடை செய்பவர்கள் சங்கம் அரசாங்கத்திடம் கேட்டது. சங்கத்துக்கு யோசனை சொல்ல யாரை அமர்த்தினார்கள்? நான் ஒருவன் இருக்கும்போது, அவரைத்தான். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நம் பட்டறையில் துணி வெட்டுவதும் தைப்பதும் நம்முடையது, கம்பி மட்டும் கப்பலில் வருவது. ஆகவே முழுக் குடைக்கு வரி ஏற வேண்டும், கம்பிக்கு ஏறக் கூடாது. இந்த ஒரு வித்தியாசத்துக்காக அவர் இரண்டு வருடமாக அதிகாரிகளோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். அதை உழைப்பு என்று நீங்கள் சொல்கிறீர்கள். நானும் கோர்ட் குமாஸ்தாவோடு தினமும் காபி குடிக்கிறேன், உங்கள் மகள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள்.

முடிவு எடுப்பதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு பொது விசாரணை வைத்தார்கள். அன்றைக்கு மாமாவுக்குக் கண் அறுவை. சகலைக்கு வேறு நாட்டில் வேறு ஏதோ பஞ்சாயத்து. முதல் நாள் சாயங்காலம் அவர் பெட்டியோடு, விமான நிலையம் போகிற வழியில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்.

“அண்ணே, ஒரு சின்ன உதவி. மாமா சார்புல நீங்க போய் உக்காந்தா போதும். இந்த ஒரு தாளைக் கொடுத்துடுங்க. பேச வேண்டாம்.”

“பேச வேண்டாமா?”

“யாராவது கேட்டா, ‘எழுத்துல கொடுத்திருக்கோம்’னு சொல்லிடுங்க. அவ்வளவுதான்.”

“தம்பி, நான் வக்கீல்.”

“அதனாலதான் அண்ணே சொல்றேன்.”

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்ட எண்ணம் இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம், நல்ல எண்ணத்துக்கு என்ன பதில் சொல்வது? வண்டி தெருமுனை திரும்பும் வரை நான் வாசலிலேயே நின்றிருந்தேன். மூத்தவனிடம் போய் நாற்காலியை நிரப்பச் சொல்லிவிட்டுப் போகிறாரே என்று இருந்தது. அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை. உங்கள் மகளைக் கேட்டால் மூன்று முறை போட்டுக்கொண்டேன் என்பாள், நம்ப வேண்டாம்.

விசாரணை மண்டபம் என்றால் மண்டபம், மாமா. வில் மாதிரி வளைந்த மேஜை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மைக், அதில் சிவப்பு விளக்கு. ஒவ்வொருவர் முன்னாலும் மூடிபோட்ட தண்ணீர் டம்ளர். தலைமை அதிகாரி ஒரு அம்மாள், முடி நரைத்தவர், யார் பேசினாலும் தலையாட்டிக் கேட்கிறார். என் வாழ்நாளில் நான் பேசுவதைத் தலையாட்டிக் கேட்ட அதிகாரியைப் பார்த்ததே இல்லை. சகலை சொன்னபடியே தாளைக் கொடுத்தேன். சொன்னபடியே உட்கார்ந்தேன். வாயில் பூட்டுத்தான். பின்வரிசையில் நம் குடை செய்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நம் பட்டறைத் தையல் தலைவி அம்மாவும் வந்திருந்தார். அப்போது, குடை இறக்குமதி செய்பவர்களின் வக்கீல் எழுந்தார். இளம் வயது, அவரும் நம் சகலை மாதிரியே தொண்டையைத் தாண்டாத குரல். “வரி போட்டால் குடை விலை ஏறும், ஏழைகள் மழையில் நனைவார்கள்” என்று உருகினார். அதோடு விட்டிருக்கலாம். என்னைப் பார்த்து, “உள்நாட்டில் குடை செய்பவர்கள் சொல்வதற்கு எதுவும் இல்லை போலிருக்கிறது” என்று சிரித்தார்.

அத்தை, இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி மாமாவுக்குத் தண்ணீர் கொடுக்கவும். பிளாஸ்டிக் டம்ளரில்.

எழுந்துவிட்டேன் மாமா. ஊரிலுள்ள அத்தனை சுவர் வழக்குகளும் ஒன்றாக என் தொண்டைக்கு வந்துவிட்டன. மைக் வீல் என்று கத்தியது. அதைத் தள்ளிவைத்துவிட்டேன், எனக்கு எதற்கு மைக்? தையல் இயந்திரத்தின் முன்னால் முதுகு வளைந்த பெண்களைப் பற்றிப் பேசினேன். ஒரு குடை ஒரு குடும்பத்துக்குக் கூரை என்றேன். வெளிநாட்டுக் குடை மழைக்கு விரியாது, நம் வயிற்றுக்குத்தான் விரிகிறது என்றேன். அதற்கு அர்த்தம் என்ன என்று இப்போது என்னைக் கேட்க வேண்டாம், அன்றைக்கு அர்த்தம் இருந்தது. தலைமை அதிகாரி அம்மாள் தலையாட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். எனக்கு ஏறிவிட்டது. முடிக்கும்போது மேஜையை ஒரு தட்டுத் தட்டி, “ஒரு குடை என்ன, ஒரு குடைக்கம்பிகூட இந்த எல்லையைத் தாண்டி உள்ளே வரக் கூடாது! இந்தச் சபை தகுமெனக் கருதும் இதர பரிகாரங்கள் அனைத்தையும் எங்களுக்கு அளிக்க வேண்டும்!” என்று முடித்தேன்.

இந்த ‘இதர பரிகாரங்கள்’ என்பது எங்கள் கோர்ட்டில் ஒவ்வொரு மனுவின் கடைசி வரி. சுவர் கேட்டு வந்தவனும் எழுதுவான், கிளை வெட்டக் கேட்டவனும் எழுதுவான். இருபத்தைந்து வருடமாக அதை நான் எழுதாத நாள் இல்லை, எங்கள் நீதிபதி அதைப் படித்த நாளும் இல்லை. வேண்டியதற்கு மேலேயே கேட்டு வைப்பது எங்கள் வழக்கம். ஒரு சாண் வேண்டுமென்றால் ஒரு முழம் கேட்டால்தான் அரைச் சாணாவது கிடைக்கும். கம்பியும் அப்படி வாய் தவறி வந்ததுதான். ஆனால் இந்தச் சபையில் சொன்னதை எல்லாம் எழுதுகிறார்கள் மாமா! கீழே உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, “கம்பியும் சேத்துங்களா சார்?” என்று கேட்டார். அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். கைதட்டல் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் உட்கார்ந்திருப்பேன். பின்வரிசைக் குடைக்காரர்கள் தட்டிவிட்டார்கள். தையல் தலைவி அம்மா மட்டும் தட்டாமல் என்னைப் பார்த்துக் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அதையும் பாராட்டு என்றுதான் நினைத்தேன். “சேர்த்துத்தான்!” என்றேன்.

உடனே எதிர்க்கட்சி வக்கீல் என்ன செய்தார் தெரியுமா? காகிதக் கட்டை மூடிவைத்துவிட்டு, பல் தெரியச் சிரித்து, “கம்பிக்கு வரி போடுவதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை” என்றார். என் தொழிலில் எதிர்க்கட்சி எழுந்து நின்று ஆட்சேபனை இல்லை என்று சொன்னது அதுதான் முதல் முறை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். தெருவில் இறங்கி நடக்கும்போது கால் தரையில் படவில்லை. வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். “உன் தங்கை புருஷன் ரெண்டு வருஷமா கிசுகிசுத்ததை நான் பத்து நிமிஷத்துல முடிச்சிட்டேன்” என்று உங்கள் மகளிடம் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “கம்பி நமக்கு எங்கேருந்து வருது?” அப்போது இனிப்பு என் வாயில் இருந்தது. அதற்கப்புறம் அது எங்கே போனது என்று தெரியவில்லை.

போன வாரம் வரைவு அறிவிப்பு வெளியாகிவிட்டது. ‘குடைகள், குடைக்கம்பிகள் மற்றும் இதர பாகங்கள்’ அனைத்துக்கும் வரி என்று போட்டிருக்கிறார்கள். அந்த ‘இதர’வைப் பார்த்தபோது என் கையெழுத்தையே பார்த்தது மாதிரி இருந்தது. வரைவுதான் என்றாலும், வரிக்கு ஈடு கட்டாமல் விட மாட்டோம் என்று நம் கம்பியைத் துறைமுகத்தில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். அந்த வரியைக் கட்டி எடுத்துத் தைத்தால் நம் குடையை விலைக்கு வாங்க அரசர்கள்தான் வர வேண்டும். நேற்றுத் தையல் தலைவி அம்மா போன் செய்தார். “துணியெல்லாம் வெட்டி வெச்சிட்டோங்க. கம்பி இல்லாம தெச்சா அது குடை இல்ல சார், வெறும் முக்காடு. பொண்ணுங்களை நாளைக்கு வரச் சொல்லவா, வேணாமா?” என்றார்.   வரச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர்கள் வந்து என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் மகள் சொல்கிறாள், “அவருக்கு ஒரு போன் போடுங்க. நீங்க போடலேன்னா நான் போடறேன்” என்று. போடக் கூடாது என்று நான் சொன்னேன். அதனால்தான் பேச்சுவார்த்தை நின்றது. எனக்கு அவமானம் பெரிதா, பட்டறை பெரிதா என்று கேட்கிறாள். பட்டறைதான் பெரிது. அதனால்தானே வழக்குப் போடுகிறேன் என்கிறேன். இந்த வரைவை எதிர்த்து முதல் கோர்ட்டில் தோற்றாலும் மேல் கோர்ட் இருக்கிறது, அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. என் கணக்குப்படி அதிகபட்சம் ஆறேழு வருடத்தில் கம்பியை வெளியே கொண்டுவந்துவிடுவேன். அதுவரை பட்டறையில் தலையணை உறை தைக்கலாம் என்பது என் தாழ்மையான யோசனை. அவர் வந்தால் எந்தக் கதவையோ தட்டி, யார் காதிலோ இரண்டு வார்த்தை சொல்லி, அடுத்த வாரமே முடித்துவிடுவார். அதுதான் எனக்குப் பயம். முடியாமல் போகும் என்பதல்ல, அவரால் முடிந்துவிடும் என்பதுதான். அப்புறம் காலம் முழுக்க நான் ‘இவரும்’தான், ‘வக்கீல்தான்’ என்பதுகூடக் கிடைக்காது.

ஆகவே மாமா, தயவுசெய்து வக்காலத்தில் கையெழுத்திடவும். கெடுத்தவனுக்கே சரிசெய்ய ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை, ஆனால் உறவில் உண்டு.

கண்ணுக்குச் சொட்டு மருந்து நேரத்துக்கு விடவும். அத்தை மூட்டுவலியோடு படியேற வேண்டாம். கடல் காற்றும் பெரியவர்களின் ஆசியும் எங்களுக்கும் கொஞ்சம் இந்தப் பக்கம் வீசட்டும். உங்கள் பேத்தி தேர்வில் நன்றாக எழுதியிருக்கிறாளாம், வக்கீலுக்குப் படிக்க மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள். உங்கள் இருவரின் நலனையும், அவ்விடத்து வெயில், மழை, இதர சௌகரியங்களையும் விரும்பும்,

உங்கள் மூத்த மாப்பிள்ளை.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் சமயத்தில் வாசலில் வண்டிச் சத்தம். சகலை. பெட்டியோடு, விமான நிலையத்திலிருந்து முதலில் அதிகாரியைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். உங்கள் மகள் போன் போட்டுவிட்டாள் என்பது சொல்லாமலே புரிந்தது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, மீதி இருந்ததைப் போட்டுக்கொண்டு, சாதாரணமாகச் சொல்கிறார்: “முடிஞ்சிடுச்சு அண்ணே. முழுக் குடைக்கு மட்டும்தான் வரி. கம்பிக்கு இல்லை. திருத்தின அறிவிப்பு வந்துடும், துறைமுகத்துல நிக்கறதை எடுத்துக்கலாம்.” எப்படி என்று கேட்டேன். “உங்களாலதான்” என்றார். என்னைக் கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். விஷயம் இதுதான் மாமா. வரி போட்டால் குடை விலை ஏறும், ஏழைகள் நனைவார்கள் என்று அழுத அதே வக்கீல், கம்பிக்கு வரி போட்டால் ஆட்சேபனை இல்லை என்று எழுத்தில் ஏறும்படி சொல்லிவிட்டாரே! கம்பி விலை ஏறினால் குடை விலை ஏறாதா? இவர் விசாரணைப் பதிவில் அந்தத் தாளை எடுத்துக்காட்டி, “அவங்க கவலை ஏழைங்க நனையறதா, இல்ல இங்க குடை தைக்கறவங்களே இருக்கக் கூடாதுங்கறதா?” என்று மட்டும் கேட்டாராம். அதிகாரி அம்மாள் குனிந்து படித்தாராம். “ரெண்டு வருஷமா அவங்க வாயிலேர்ந்து அப்படி ஒரு வார்த்தையை வரவழைக்க முடியலண்ணே. நீங்க ஒரே நாள்ல வரவழைச்சிட்டீங்க. மாமாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, என் பேரை எடுக்க வேணாம்” என்கிறார். இது நிஜமா, என் மனசுக்காகச் சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த முகத்துக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

ஆகவே, மேற்படி கடிதத்தில் ‘வாய் தவறி’ என்று வரும் இடத்தில் ‘நன்கு திட்டமிட்டு’ என்றும், ‘வயிறு எரிகிறது’ என்பதை ‘மனம் குளிர்கிறது’ என்றும், ‘கெடுத்தவன்’ என்பதை ‘அடித்தளம் அமைத்தவன்’ என்றும் திருத்தி வாசிக்கவும். வக்காலத்தைக் கிழித்துவிடவும். தலையணை உறையை மறந்துவிடவும். அத்தை, இந்தப் பின்குறிப்பை மட்டும் மாமாவுக்குப் படித்துக் காட்டினால் போதும், மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். நீங்கள் மேலிருந்துதான் படித்துக்கொண்டு வருவீர்கள் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. முழுவதையும் வேறு தாளில் எழுதலாம், ஆனால் இவ்வளவு நன்றாக மறுபடி வராது.

இன்னும் ஒன்று. சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனவர் பாதியில் திரும்பி வந்து, “அண்ணே, கைதட்டினாங்களாமே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “எனக்கெல்லாம் ஒருத்தர் தட்டினது இல்லண்ணே. நான் பேசினேன்னு தெரிஞ்சாலே அந்த வேலை கெட்டுடும்” என்றார். கை கழுவிவிட்டு வந்து, “எவ்வளவு பேரு இருக்கும்?” என்றார். அப்புறம் கை துடைத்துக்கொண்டே, “எழுந்து நின்னா தட்டினாங்க?” என்றார். பொறாமை மாமா. அப்பட்டமான பொறாமை. எனக்கா அடையாளம் தெரியாது? சபை மொத்தமும் எழுந்து நின்று, எதிர்க்கட்சி வக்கீல் உட்பட, தலைமை அதிகாரி அம்மாள் மணியடித்து நிறுத்தும் வரை தட்டியதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் உங்களிடம் விசாரிப்பார். அப்படித்தான் கேள்விப்பட்டேன் என்று சொல்லிவிடவும்.